கார் கூரைமேல் விட்ட பனி

ஆல்வின்,

செவ்வாய்க்கிழமை காலை நீ வண்டியை எடுத்துப் போனதை வாசல் கேமராவில் பார்த்தேன். வேவு பார்க்கிறாயா என்று கேட்பாய், ஆமாம். முன்கண்ணாடியைச் சுரண்டினாய், பின்கண்ணாடியைச் சுரண்டினாய், நம்பர் பிளேட்டைக்கூடக் கையுறையால் துடைத்தாய். கூரைமேல் கிடந்த ஒரு சாண் பனியை மட்டும் அப்படியே சுமந்துகொண்டு தெருமுனையில் திரும்பிப் போனாய். சாயங்காலம் ஏன் என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இட்ஸ் ஃபைன் மா, இட் வில் ப்ளோ ஆஃப்" என்றாய். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. அது என்னுடைய வாக்கியம். 'காத்துல தானா போயிடும்' என்று ஒன்பது வருடத்துக்கு முன் இதே டிரைவ்வேயில் நின்று நான் சொன்னேன். நீ இங்கிலீஷில் சொன்னாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை நீ காலேஜுக்குத் திரும்புகிறாய். போன முறை பஸ். இந்த முறை கார். வடக்கே ஏரியிலிருந்து பனி கிளம்பி வந்து ஒரே ராத்திரியில் தெருவை மூடிவிடும் ஊருக்கு, பதினெட்டு வயதில், தனியாக. பயணத்துக்கு என்று நான் உனக்கு முறுக்கும் பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அந்த மாதிரி எதையும் தேடாதே. இருபத்தொரு வயதில் உன்னைப் பெற்றேன். உன் நண்பர்கள் என்னை உன் அக்கா என்று நினைக்கிறார்கள், உனக்கு அது வெட்கம், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. ஆனால் சின்ன வயது அம்மாவிடம் வளர்வதில் ஒரு கேடு இருக்கிறது. அவள் தன் முட்டாள்தனங்களையெல்லாம் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்து முடிப்பாள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ ஐஸில் வழுக்கி ஒரு மரத்தில் மோதிப் போய்ச் சேர்ந்தால், நான் சாகிறவரை அழுவேன். நீ வழுக்கி இன்னொருத்தியின் பிள்ளையைக் கொன்றுவிட்டு முழுசாக வீட்டுக்கு வந்தால், உனக்குச் சோறு போடுவேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். எந்த அம்மாவும் இப்படி எழுதமாட்டாள் என்று உனக்குத் தோன்றும். நான் ஏன் எழுதுகிறேன் என்று தெரியக் கடைசிவரை படி.

பனியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தூத்துக்குடி வெயிலில் வளர்ந்தவளுக்கு யார் சொல்வார்கள்? அமெரிக்காவின் தெற்கே சுகர் லேண்டில் இருந்தபோது ஒரு ஜனவரியில் மழை விழுந்து விழுந்தபடியே உறைந்தது. உனக்கு ஐந்து வயது. டேகேரிலிருந்து உன்னை அழைத்துக்கொண்டு ஃப்ளைஓவரில் ஏறினேன். கீழே ரோடு நன்றாகத்தான் இருந்தது, மேலே ஏறியதும் வண்டிகள் எல்லாம் தரையில் சிதறின புளியங்கொட்டை மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. அதனால் ரோடு உறைவதற்கு முன்னாலேயே பாலம் உறைந்துவிடும். இது தெரியாமல் நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி அரை வட்டம் அடித்துக் கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றது. நீ பின்னாலிருந்து "அகெய்ன், மா" என்றாய். அன்றைக்கு அடி எதுவும் படவில்லை. படாததால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மாதாவின் கிருபை என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறந்துபோனேன். நீ ஏற்ற வேண்டாம், கற்றுக்கொள். வழுக்கும்போது இரண்டு பெடலிலிருந்தும் காலை எடு. எங்கே போக வேண்டுமோ அங்கே பார், அந்தப் பக்கம் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பு. எதில் மோதிவிடுவோமோ என்று பயப்படுகிறாயோ அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக அங்கேதான் கொண்டுபோகும்.

பிறகு வடக்கே, இந்த பிஸ்கட்டவேக்கு வந்தோம். வந்த முதல் குளிர்காலம் நான் செய்த காரியத்தை அப்பா எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிப்பார், உனக்கே தெரியும்: முன்கண்ணாடியில் ஐஸ் கட்டிக்கிடக்க, வீணாகப் போகிறதே என்று அடுப்பிலிருந்து சுடச்சுடச் சோற்றுக் கஞ்சியைக் கொண்டுபோய் ஊற்றினேன். கண்ணாடி குறுக்கே கீறல் விட்டது, கஞ்சி உறைந்து பசையாகி ஏப்ரல் வரை போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பனி என்றால் நமக்கு வேடிக்கை. தெரியாது என்று சொல்லிவிட்டால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்று ஒரு நினைப்பு. அடுத்த குளிர்காலம்தான் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கண் போனது.

உனக்கு அந்த ஞாயிறு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று நான் இத்தனை வருடம் கேட்டதில்லை. கேட்கப் பயம். நானே சொல்கிறேன். மாதம் ஒரு தமிழ்த் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் வடக்கே போக வேண்டும். ஸ்டெல்லா அக்கா அப்போதுதான் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கியிருந்தார். மருந்துக் கம்பெனி லேபில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற வேலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், தனி மனுஷி, பனியில் ஓட்ட அவருக்கு நடுக்கம். இந்த வாரம் வரவில்லை என்றுதான் போனில் சொன்னார். நான் விடவில்லை. நம் ஆட்கள் எங்கே போனாலும் வண்டிக்குப் பின்னால் வண்டியாகத்தானே போவோம்? எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், என் பின்னாலேயே வாங்க, இடைவெளி விட்டால் எக்ஸிட்டில் என்னைத் தவறவிட்டுவிடுவீர்கள், ஒட்டியே வாங்க என்றேன். பயந்த மனுஷியை வரவழைத்ததும் நான், ஒட்டி வரச் சொன்னதும் நான்.

வெள்ளிக்கிழமை பனி விழுந்தது, சனிக்கிழமை அதன்மேல் மழை, ஞாயிறு காலை எல்லாம் சேர்ந்து உறைந்துவிட்டது. அப்பா ஆபீஸ் வேலையாக பே ஏரியாவில் இருந்தார். நீ ஸ்டூலைப் போட்டு ஏறி, உன்னைவிட நீளமான பிரஷ்ஷை வைத்துக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தாய். உனக்கு ஒன்பது வயது. அந்த வேலையை யாரும் உன்னிடம் சொல்லவில்லை, ஸ்கூலில் சொல்லியிருக்கிறார்கள், நீயாகச் செய்தாய். "அம்மா, இட்ஸ் லைக் எ ராக்" என்றாய். ஸ்டெல்லா அக்கா பின்னால் வண்டியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாட்டுக்குழுவில் இடம் போய்விடும் என்ற அவசரம். "விடுடா, காத்துல தானா போயிடும், ஏறு" என்று உன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிப் பின்சீட்டுக்கு அடியில் எறிந்தேன். நீ ஏறினாய்.

காற்றில் தானாகத்தான் போனது. ஹைவேயில் ஏறிப் பத்து நிமிடம் இருக்கும், தலைக்கு மேல் பலகையைப் பெயர்க்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அது நேராக விழவில்லை. ஒரு கட்டில் அளவுக்குப் பாளமாக எழும்பி, வெயிலில் பளபளவென்று ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் ஸ்டெல்லா அக்காவின் முன்கண்ணாடிக்குள் போனது. நான் சொல்லி வைத்தபடி அவர் ஒட்டியே வந்துகொண்டிருந்தார். விலக இடமில்லை. ஓரம் கட்டி ஓடினேன். இடது கண்ணைப் பொத்திய விரல் இடுக்கில் ரத்தம் வழிய, அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் வண்டிய விட்டு இறங்கலையே?" என்பது.

போலீஸ்காரர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். ஒரு ட்ரக் என்றேன். பெரிய ட்ரக், மேலே ஐஸ், வேகமாகப் போய்விட்டது, நம்பர் பார்க்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை, அப்படியே வந்தது. நமக்கு கிரீன் கார்டு இண்டர்வியூ வர இரண்டு மாதம் இருந்தது. ஒரு டிக்கெட் விழுந்தால் எல்லாம் போச்சு, சூட்கேஸோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நம் வாட்ஸாப் வக்கீல்கள் சொன்னதை வேதவாக்காக நம்பியிருந்தேன். அபராதம் கட்டியிருந்தால் அந்த விஷயம் அதோடு முடிந்திருக்கும் என்று நிஜ வக்கீல் ஒருவர் சொன்னபோது கார்டு கைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அக்காவிடமும் கேட்டார்கள். "ஐ டிட் நாட் சீ" என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்கும் எனக்கும் நடுவில் உள்ளது. ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவரிடம் ட்ரக் கதை சொல்ல வாய் வரவில்லை, நம் வண்டியிலிருந்துதான் என்றேன். ரூஃபைக் க்ளீன் பண்ணவில்லையா என்று கேட்டார். நான் சொன்னேன்: "அவன்கிட்டதான் சொன்னேன், அரைகுறையா விட்டுட்டு வந்திருக்கான்." நீ பின்சீட்டில் இருந்தாய். உனக்குத் தமிழ் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். பேச வராது, அவ்வளவுதான். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைத் திருத்தவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரிடமும் சொல்லாதே, இண்டர்வியூ முடியட்டும் என்றார் அப்பா. இண்டர்வியூ முடிந்தது. ட்ரக் கதை திருப்பலிக் குழுவில் எல்லோர் வாயிலும் ஊறி, பனிக்காலம் வந்தால் ஆளுக்கு ஆள் எச்சரிக்கையாகச் சொல்கிற உண்மைச் சம்பவமாகிவிட்டது. நானே பலமுறை தலையாட்டியிருக்கிறேன்.

அக்காவை லேபிலிருந்து மாற்றிக் காகித வேலைக்குப் போட்டார்கள். பனி நாட்களில் அவர் வண்டி எடுப்பதில்லை. எது ஈரம், எது ஐஸ் என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார். நீ அன்றிலிருந்து கோயிலில் அவருக்கு இடது பக்கம் உட்கார ஆரம்பித்தாய். யாரும் சொல்லவில்லை. காப்பி டம்ளரை அவர் வலது கைப்பக்கம் நகர்த்தி வைப்பாய், படி வந்தால் முழங்கையைத் தொடுவாய். எவ்வளவு நல்ல பிள்ளை என்று ஆன்ட்டிமார்கள் என்னிடம் சொல்வார்கள். நான் தாங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொள்வேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். வேண்டுமென்றே அமெரிக்கச் சாமியாரிடம் போய், நான் வண்டி விஷயத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் ஃபாதர் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த பாஷையில் அது சின்னப் பாவமாகத்தான் தெரிந்தது. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கொடுத்தார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் நீ சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. புதன்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நறுக்கினார். அப்புறம் சொன்னார்: "நான் உனக்குப் பின்னாடிதானே வந்தேன். உன் ரூஃப்ல இருந்து எந்திரிச்சத ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ரெண்டு கண்ணால பாத்த கடைசி சமாச்சாரமே அதுதான்."

பிறகு ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் கிரீன் கார்டு இன்னும் வராமல் நிற்கிறதே என்றுதான் என்றார். "ஒரு வருஷம், நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அப்புறம் எத்தன வருஷம் சொல்லாம இருப்பேன்னு பாத்தேன். வேற பொழுதுபோக்கு என்ன இருக்கு எனக்கு?" சிரிக்காமல்தான் சொன்னார். நான் அழ ஆரம்பித்தேன். அழுகையை நிறுத்து, அது எனக்கு எதற்கு என்றார். அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். அந்த வருடம் ஈஸ்டருக்கு முன்னால் நீ அவரிடம் போயிருக்கிறாய். கோயில் ஹாலில், தனியாக. "ஐ டிட் நாட் க்ளீன் த ரூஃப், ஆன்ட்டி. இட் வாஸ் மீ" என்றிருக்கிறாய்.

"நீ பிரஷ்ஷப் பிடுங்கினதையும் நான் வண்டில இருந்து பாத்தேன்," என்றார் அக்கா. "ஒன்பது வயசுப் பிள்ளகிட்ட, உங்க அம்மா பொய் சொல்றான்னு சொல்லச் சொல்றியா? ட்ரக்குதான்டா, நானே பாத்தேன்னு சொல்லி அனுப்பினேன். அவன் நம்பல. என் கண்ணு போனதுக்கு உன்ன எப்பவோ மன்னிச்சு விட்டுட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பண்ணினதுக்கு விடல."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவரைக்காயை அள்ளிச் சட்டியில் போட்டார். "எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றதுக்குப் பேரு மன்னிப்பா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு." கதவுவரை வந்து வழியனுப்பினார். காப்பி தரவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வீட்டில் நான் காப்பி குடிக்காமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பலிக் குழுவின் வாட்ஸாப்பில் இதை அப்படியே போடப்போகிறேன், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நாளாக என்னிடம் பேசவில்லை. ட்ரக் இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும். நீ மட்டும் கிளம்புவதற்கு முன்னால் படி. உனக்கு ஒன்பது வயதில் அது உன் தப்பு இல்லை. உன் கையிலிருந்ததை நான் பிடுங்கினேன், பிடுங்கிய கையாலேயே பழியை உன்மேல் வைத்தேன். இதை எழுதிவிட்டதால் உன் ஒன்பது வருடம் திரும்ப வராது. என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை; மன்னித்துவிட்டேன் என்று நீ சட்டென்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாகிவிடும், அதனால் சொல்லாதே.

இதை எழுத உட்காரும் முன் இன்னொன்றும் செய்தேன். கேமராவில் இந்த லீவில் பனி விழுந்த மூன்று காலைகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் நீ கண்ணாடி, விளக்கு, கதவு எல்லாவற்றையும் துடைக்கிறாய், நான் என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை. கடைசியில் பிரஷ்ஷைக் கூரைக்குத் தூக்குகிறாய். மூன்றிலும் கை அங்கேயே நிற்கிறது. ஒரு நாள் நிறைய நேரம் நிற்கிறது. அப்புறம் பிரஷ்ஷை இறக்கிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஏறுகிறாய். செவ்வாய்க்கிழமை நான் பனியைத்தான் பார்த்தேன், உன் கையைப் பார்க்கவில்லை. இட் வில் ப்ளோ ஆஃப் என்று நீ சொன்னது சோம்பேறித்தனம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்தக் கையை அங்கே நிறுத்தியது யார் என்றும் தெரிகிறது.

இதற்கு மேல் வேறு அம்மா என்றால் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பரவாயில்லை ராஜா, நான் க்ளீன் பண்ணித் தருகிறேன் என்பாள். நான் சொல்லமாட்டேன். அந்த ஊரில் நான் இருக்கமாட்டேன். அங்கே நீ போகும் ரோட்டில் உனக்குப் பின்னால் ஒரு ஸ்டெல்லா வருவாள். உன் அம்மா பொய்க்காரி, உன் கை நிற்கிறது, உனக்கு ஒன்பது வயதில் ஒரு காயம் பட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஐஸுக்கும் தெரியாது. ஆகையால் முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பி. எட்டு வருவதற்குள் அந்தக் கம்பம் உன்னிடம் வந்துவிட்டால் நீ ஒட்டிக்கொண்டு போகிறாய், விலகு. ரோடு ஈரமாக மினுங்குகிறது, ஆனால் மற்ற வண்டிகளின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை. பனியில் சிக்கி நின்றால் எஞ்சினைப் போடும் முன் இறங்கிப் பின்னால் புகைக்குழாயைத் தோண்டிவிடு, அடைத்திருந்தால் விஷப்புகை உள்ளே வரும். யாராவது ஒருத்தருக்குப் பயமாக இருக்கிறது, வரவில்லை என்றால், வற்புறுத்தாதே. உனக்காக யார் காத்திருந்தாலும் காக்கட்டும், கடவுளாகவே இருந்தாலும்.

சனிக்கிழமை ராத்திரி பனி என்று வானிலையில் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை உன் கார் சாவி என்னிடம் இருக்கும். ஸ்டூலைப் போட்டு வைத்திருப்பேன். உனக்கு இப்போது அது தேவையில்லை, தெரியும், இருந்தாலும் போட்டு வைப்பேன். பிரஷ்ஷை உன் கையில் கொடுத்துவிட்டு நான் உன் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பேன், ஸ்டெல்லா அக்கா நிறுத்தியிருந்த அதே இடத்தில். நடுவில் உன் கை நின்றாலும் நான் வந்து செய்யமாட்டேன், ஏறு என்றும் சொல்லமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். கூரை சுத்தமானதும் சாவியைத் தருவேன்.

அம்மா